ஸ்டெல்லாவின் தம்போலாப் பை

நனைந்த வெட்டிவேர்த் தட்டியின் வாசனையோடு கூலர் கடகடக்கும் மே மாதப் பிற்பகல்களில், அந்த இரைச்சலையும் மீறி இன்னொரு சத்தம் கேட்கும்: துணிப்பைக்குள் தம்போலாக் காய்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். எண்பதுகளில் தில்லி சரோஜினி நகர் அரசு குவார்ட்டர்ஸில் வளர்ந்த எனக்கு, அந்தச் சத்தம் இன்றும் ஒரு பயத்தையும் அதைவிடப் பெரிய ஆசையையும் ஒருசேரக் கிளப்பிவிடுகிறது.

பை அம்மாவுடையது, எண்ணைக் கூப்பிட்டுச் சீட்டில் அடிக்கும் தம்போலாவுக்கு வாங்கியது. ஆட்டம் எதிர்வீட்டு ஸ்டெல்லாவுடையது. நாகர்கோவில்காரி, என் வகுப்புத் தோழி, அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கப்பலில் வேலை பார்த்த அவள் மாமா எங்கிருந்தோ அதன் விதிப் புத்தகத்தை வாங்கி அனுப்பியிருந்தார். பலகை கிடையாது, சீட்டு கிடையாது. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்ல வேண்டும். செய்ய முடிந்ததா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். அந்தப் பகடை மட்டும் பார்சலில் இல்லை. மார்க்கெட்டில் கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்து, "பேட்டா, லூடோ லே லோ" என்று லூடோ ஆட்டத்தின் ஆறுமுகப் பகடையை நீட்டினார். அதனால்தான் தம்போலாப் பை வந்தது. ஒன்றிலிருந்து இருபது வரை எண் போட்ட காய்களை மட்டும் உள்ளே போட்டு, கையை விட்டு ஒன்றை எடுப்போம். ஸ்டெல்லா சொன்ன எண்ணோ அதற்கு மேலோ வந்தால் ஜெயம்.

அவள் அந்த ஆட்டத்தை நடத்திய அழகை நான் இன்னும் வியக்கிறேன். எடுத்ததற்கெல்லாம் காய் எடுக்க விடமாட்டாள். மாடிவீட்டு முரளி தாழ்ப்பாளைத் திறக்கவே பைக்குள் கை விடப் போனால், "ஏலே, தாழ்ப்பாள் தொறக்கதுக்கு எதுக்கு காய்? தொறந்தாச்சு, உள்ள போ" என்பாள். நிஜமாகவே கஷ்டமான காரியம் என்றால், காயைத் தொடும் முன்பே, "தோத்தா என்ன ஆவும்னு கேட்டுக்கோ" என்று விலாவாரியாகச் சொல்லிவிடுவாள். தோற்றாலும் கதை நிற்காது. ஒருமுறை முரளி பூட்டை உடைக்கத் தோற்றான். பூட்டு திறந்துதான் கொண்டது, ஆனால் உள்ளே தூங்கிய நாய்களும் விழித்துக்கொண்டன. நாங்கள் சிரித்துச் சிரித்துப் புரண்டோம்.

இதில் ஒரு பெரிய தப்பும் நடந்தது. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குத் தம்போலா ரத்தத்தில் ஊறியது. எடுத்த காயை, எண்ணுக்கொரு குழி உள்ள தம்போலாப் பலகையில் அடுக்கிவைப்பதுதான் வழக்கம். எனவே நாங்களும் எடுத்ததைப் பையில் திருப்பிப் போடவில்லை. பை காலியான பிறகே எல்லாம் திரும்ப உள்ளே போகும். பகடையை எத்தனை முறை உருட்டினாலும் எல்லா எண்களும் அதிலேயே இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை, முரளியைத் தவிர. அவன் பலகையைப் பார்த்துக்கொண்டே இருப்பான். சின்ன எண்கள் தீர்ந்த பிறகுதான் யானையோடு மல்லுக்கு நிற்பான். விஷயம் வெளியானதும் அவன் தங்கை ஜெயா சண்டைக்குப் போனாள். ஸ்டெல்லா அசரவில்லை. "பாதியில மாத்தினா இதுவரைக்கும் எடுத்தவங்களுக்கு அநியாயம். இந்தக் கதை முடியட்டும்" என்றாள்.

எனக்கு அந்த விடுமுறையில் இன்னொரு சங்கடம் இருந்தது. முந்தின வருடம்தான் மதுரையிலிருந்து வந்திருந்தேன். இந்தியில் தோற்று, மறுதேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். "கதை விட்டா இந்தி வந்துடுமாடி?" என்று அம்மா கரித்துக்கொட்டுவாள். ஸ்டெல்லாவிடம் அழுதபோது, வழக்கம்போல அதே கேள்வியைத்தான் கேட்டாள்.

"தோத்தா என்ன ஆவும்?"

"திரும்பவும் ஏழாவது. நீ எட்டாவதுக்குப் போயிடுவ."



கதையின் கடைசிப் பிற்பகல். காய்ச்சலில் கிடக்கும் கோட்டைப் பிள்ளைகளுக்கான மருந்து என் படகில் இருக்கிறது, ஆற்றில் வெள்ளம். கடக்கப் பதினைந்து வேண்டும் என்றாள் ஸ்டெல்லா. பலகையின் முதல் இருபது குழிகளில் இரண்டே காலி. பையில் மிச்சமிருந்தவை மூன்றும் ஆறும்.

முரளி துள்ளினான். "நீ எடுக்காத! நானும் ஜெயாவும் சும்மா எதையாவது செஞ்சு அந்த ரெண்டையும் எடுத்துடறோம். பை நிறைஞ்சதும் நீ எடு."

"காத்திருக்கலாம்" என்றாள் ஸ்டெல்லா. "ஆனா இருட்டிரும். அந்தப் பிள்ளைங்க அதுவரைக்கும் தாங்காது. இப்ப எடுத்துத் தோத்தா படகு கவுந்துரும். மருந்துப் பெட்டி கரைல ஒதுங்கும். உன்னை ஆறு கொண்டு போவும்."

தோற்பேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் எதை இழப்பேன், எது பிழைக்கும் என்று முழுசாகத் தெரிந்துவிட்டதும், ஆச்சரியமாக, பயம் விட்டுப்போயிற்று. கையை விட்டேன். மூன்று.

ஜெயா அழுதே விட்டாள். ஸ்டெல்லா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பிள்ளைங்க பிழைச்சாச்சு. அடுத்த கதை நீ கரையேறுற எடத்துல தொடங்கும், கேட்டியா."

மறுதேர்விலும் தோற்றேன். ஜூலையில் பள்ளி திறந்த முதல் நாள், என்னைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டு மணி அடித்ததும் எட்டாம் வகுப்புக்காரி ஒருத்தி டிபன் டப்பாவோடு வாசலில் வந்து நின்றாள்.

"ஏட்டி, கரையேறியாச்சா? நகந்து உக்காரு."

அந்த வருடம் முழுக்க அவள் என் வகுப்பில்தான் சாப்பிட்டாள்.

இன்று அந்த குவார்ட்டர்ஸ் வரிசையை இடித்துவிட்டார்கள். அங்கே மாடிமேல் மாடியாகக் கட்டடம் எழும்புகிறது. ஸ்டெல்லா குடும்பம் மாற்றலாகிப் போய், கடிதங்கள் குறைந்து, ஒருநாள் நின்றும்போயின. என் இந்தி இப்போது ஆட்டோக்காரரை மடக்கிப் பேசும் அளவுக்குத் தேறிவிட்டது. ஆனால் அதன்பின் எத்தனையோ பைகளுக்குள் கை விட்டிருக்கிறேன். வேலை, கல்யாணம், ஆபரேஷன். தோற்றால் என்ன ஆகும் என்று முன்கூட்டி நேர்மையாகச் சொன்னவர் ஒருவருமில்லை. தோற்ற பிறகு ஒவ்வொரு முறையும் நான் வாசலைத்தான் பார்க்கிறேன், டிபன் டப்பாவோடு யாராவது நிற்கிறார்களா என்று.