ஒரு நேயர் கேட்ட பாட்டு

"உந்தப் பிள்ளையின்ர தமிழை மைக்கில விட்டா, சனம் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டு நித்திரைக்குப் போயிடும்" என்று, சித்தப்பாவோடு வானொலி நிகழ்ச்சி செய்த மாமி ஒருநாள் சொன்னார். எனக்கு அப்போது பத்து வயது. விளங்காது என்று நினைத்துத்தான் என் முன்னாலேயே சொன்னார். நன்றாகவே விளங்கியது. திருப்பிச் சொல்லத்தான் தமிழ் போதவில்லை.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கோழி பொதி செய்யும் ஆலையில் வேலை. அதனால் சித்தப்பா, நாங்கள் குடியிருந்த மனுரேவாவிலிருந்து என்னையும் தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பக்கத்துப் புறநகரான ஒடாஹுஹுவில் கடைகளுக்குப் பின்னால் இருந்த சமூக வானொலிக்குப் போவார். அவருடைய படிப்பை ஊரில் நடந்த சண்டை எட்டாம் வகுப்போடு நிறுத்தியிருந்தது. மைக்கின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவர் பேராசிரியர். அவர் பாட்டுகளை அடுக்கி முடிக்கும்வரை நான் வரவேற்பறைச் சோபாவில் தனியாக இருப்பேன்.

எங்களுக்கு முந்திய ஒரு மணிநேரம் டச்சு நிகழ்ச்சி. அதை நடத்தியவர் எழுபதைத் தாண்டிய ஒரு பெண். இளவயதில் நெதர்லாந்தில் அவர் பாட்டு ஒலிக்காத கடை இல்லையாம். பாட்டு ஓய்ந்த பிறகு அங்கேயே வானொலி அறிவிப்பாளராக இருந்தாராம். கணவரின் வேலைக்காக இங்கே வந்தார். கணவர் இறந்தபின் இங்கேயே தங்கிவிட்டார். இசைத்தட்டு ஓடும் நேரத்தில் வெளியே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் குடிப்பார். நான் அவரை அன்ரி என்றேன். பள்ளிக்கூடத்தில் மதிய உணவைத் தனியாகச் சாப்பிட்ட எனக்கு, அந்த வாரத்தின் ஒரே தோழி அவர்தான்.

"உங்கள் பாட்டை ஏன் போடுவதில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அறிவிப்பாளர் தன் பாட்டைத் தானே போட்டால் அசிங்கம். ஒரு நேயர் கேட்க வேண்டும்."

யாராவது கேட்டால் போடுவதற்கென்று தன் பாட்டுச் சிடியைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். ஒருவரும் கேட்டதில்லை. தன் நேயர்களில் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மீதிப்பேருக்குக் காது கேளாது என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

குளிர்காலத்தில் அந்த டச்சு நிகழ்ச்சியை நிறுத்திவிட நிலையத்தார் முடிவு செய்தார்கள். கடைசி நாள் அவர் சிவப்புக் கோட்டும் உதட்டுச் சாயமுமாக வந்தார். கண்ணாடிக்கு அப்பால் அவர் தொலைபேசியைப் பார்த்துப் பார்த்துப் பேசியதை நான் சோபாவிலிருந்து பார்த்தேன். அது அடிக்கவில்லை. மணிநேரம் முடிந்தது.

வெளியே வந்தவரைச் சித்தப்பா வாசலில் மறித்து, நான் முன்பே சொல்லியிருந்த அந்தச் சிடியைத் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டு வாங்கினார். காரில் இருந்து எங்கள் நிகழ்ச்சியைக் கேட்கும்படியும் சொன்னார்.

எங்கள் நிகழ்ச்சியில் பிறந்தநாள் வாழ்த்துத்தான் உயிர். லண்டன் பெரியம்மா, கனடா மாமா என்று ஒரு சுற்று வாசித்துவிட்டு, "அடுத்து ஒரு நேயர் விருப்பம்" என்று சித்தப்பா என்னை மைக்குக்கு இழுத்தார்.

"சொல்லு பிள்ளை, ஆற்ற பாட்டு வேணும்?"

மாமி கண்ணை மூடிக்கொண்டார். நான் அன்ரியின் பெயரைச் சொன்னேன். "அவ பாடின பாட்டு எனக்கு வேணும்" என்றேன்.

பாட்டுத் தொடங்கியதும் தொலைபேசி அலறியது.

"தம்பி, சிடி மாறிப்போச்சுது போல கிடக்கு."

"இல்லை அண்ணை, நேயர் விருப்பம்."

"ஆரப்பா அந்த நேயர்? ஆளை ஒருக்கா எனக்குக் காட்டும்."

இன்னொரு பெண், "ஒண்டும் விளங்கேல்லை, தம்பி. ஆனா பாவம், புருஷன் விட்டிட்டுப் போட்டானோ?" என்று விசாரித்தார். அது கடற்கரையில் ஐஸ்கிறீம் உருகுவதைப் பற்றிய பாட்டு என்பது வளர்ந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் சிடியோடு வெளியே ஓடினேன். அன்ரி இன்னும் காருக்குள் இருந்தார். வானொலியில் மாமி யாருக்கோ வாழ்த்து வாசித்துக்கொண்டிருந்ததை, ஒரு சொல்லும் விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டினேன். இறக்கினார்.

"யார் கேட்டது?"

"நான்தான் அன்ரி."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தேநீர் குடிக்கும்போது பேசும் குரலில் அல்ல, மைக்குக்கு முன்னால் பேசும் குரலில் சொன்னார்: "கேட்டதற்கு மிக்க நன்றி. தொடர்ந்து கேட்டுக்கொண்டிருங்கள்."

சிடியை வாங்கினார், கண்ணாடியை ஏற்றினார், போய்விட்டார். அதன்பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை.

சோபாவில் இருந்து அழுதேன். மாமி வந்து, "வடிவாத்தான் கதைச்சனி, பிள்ளை" என்று ஒரு பற்றிஸ் பலகாரத்தைக் கையில் வைத்தார். அது எனக்குக் காதில் ஏறவில்லை. என் ஒரே தோழி என்னை முன்பின் தெரியாதவளைப் போல அனுப்பிவிட்டாரே என்று நெடுநாள் கோபமாக இருந்தேன். அன்று அவருக்குத் தோழி தேவைப்படவில்லை. முகம் தெரியாத ஒரு நேயர் தேவைப்பட்டார். அந்த இடத்தைத்தான் எனக்குத் தந்துவிட்டுப் போனார். அது சோபாவில் அவர் பக்கத்து இடத்தைவிடப் பெரியது என்பது பத்து வயதில் எப்படித் தெரியும்?

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். ஒலிபரப்புத் துறையில் பட்டமும் வாங்கினேன். சித்தப்பா விட்டுவிட்ட அந்தச் சனிக்கிழமை மணிநேரத்தை இப்போது கேட்டு வாங்கியிருக்கிறேன். போன வாரம் என் முதல் நிகழ்ச்சி. ஒருவரும் அழைக்கவில்லை. விளக்கை அணைக்கும் முன், அடுத்த வாரத்துக்கான பாட்டுகளை அடுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.