மூன்றாவது புளியமரத்து ஆணி

காலை ஏழு மணிக்கு எங்கள் ஊரான பத்து பெரண்டாமில் ஐந்து வெள்ளிக்குப் பெட்ரோல் போட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினேன். செர்காம் ஊரைத் தாண்டி, செம்பனைகளுக்கு நடுவே போகும் செம்மண் பாதை வரை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். நாங்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது ஒன்பது வீடுகளும் மூன்று புளியமரங்களும்தான் மிச்சம்.

என்னை அனுப்பியது அக்கா. பதினைந்து வயதில் அவளுக்குப் பேய் பிடித்தது. பூசாரி அவளுடைய உச்சிமுடியில் ஒரு கொத்தை மூன்றாவது மரத்தோடு சேர்த்து ஆணியடித்தார். பிறகு முடியை அறுத்து அவளை விடுவித்தார். பேய் மரத்தோடு நின்றுவிட்டது. அக்கா தொழிற்சாலை வேலைக்குப் போனாள், நன்றாகவே இருக்கிறாள். ஆனால் அன்றிலிருந்து என் கண்ணெதிரில் ஒரு நாளும் கொண்டையை அவிழ்த்ததில்லை.

மரங்களை அரசாங்கம் பாதுகாக்கப் போகிறது என்று கேள்விப்பட்டதும், "நம்ம ஆணி இருக்கான்னு பாத்துட்டு வாடா. இருக்குன்னு தெரிஞ்சா போதும்" என்றாள்.

எட்டேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். ஓர் இலை அசையவில்லை. முதல் மரத்தருகே மலாயில் புதுப் பலகை: வெட்டக்கூடாது, கிளை ஒடிக்கக்கூடாது, ஆணி அடிக்கக்கூடாது. மரத்தில் ஓர் ஆணிகூட இல்லை. துளைகள் மட்டும் ஈரமாக இருந்தன.

தோட்டத்துக் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் முத்தையா அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார்.

"மரத்த வெட்டுனா ஆணியெல்லாம் போயிரும்னு பயந்து நாங்கதான்டா மனு குடுத்தோம். சட்டம் வந்துச்சு. வந்ததும் மொதல்ல ஆணியத்தான் புடுங்குது. இரும்பு மரத்துக்கு ஆகாதாம்."

மூன்றாவது மரத்தடியில் ஆணி பிடுங்க வந்த சேவியர் என்ற குத்தகை ஆள் குறட்டோடு நின்றான். பிடுங்கிய ஆணிகளை மைலோ டின்னில் போட்டுக்கொண்டிருந்தான்.

"டேய், ஒவ்வொன்னுலயும் ஒருத்தி இருக்காடா," என்றார் முத்தையா அண்ணன்.

"எனக்கு மாதா இருக்காங்க லா, அண்ணே. ரெண்டு மணிக்கு ஆபீஸ்காரங்க வராங்க. ஒன்னு மிச்சம் இருந்தாலும் என்னைத்தான் ஏசுவாங்க."

அக்காவின் ஆணியை உடனே கண்டுகொண்டேன். என் நெஞ்சு உயரத்தில், பாதி பட்டைக்குள் புதைந்து, கழுத்தில் முடிக்கொத்தோடு இருந்தது. அதை மட்டும் விடுங்கள் என்று சொல்ல வேண்டும். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. தொண்டையைச் செருமினேன்.

"என்ன அங்கிள், தண்ணி வேணுமா?"

"வேண்டாம்பா."

அவன் திரும்பி அக்காவின் ஆணியில் குறட்டை வைத்தான். மற்ற ஆணிகள் கிறீச்சிட்டு வந்தன. இது வாழைத்தண்டிலிருந்து வருவதுபோல் சத்தமில்லாமல் வந்தது. முத்தையா அண்ணன் சட்டென்று டின்னிலிருந்து அதை எடுத்து, பழைய துளையில் வைத்து, கல்லை ஓங்கினார். பலகையைப் பார்த்தார். கல்லைக் கீழே போட்டுவிட்டு ஆணியை என் கையில் வைத்தார்.

அக்காவின் தலை எப்போதோ நரைத்துவிட்டது. இந்த முடி கன்னங்கரேலென்று, எண்ணெய் தேய்த்தது போல மின்னியது.

போன் அடித்தது.

"இருக்காடா?"

"இருக்குக்கா," என்றேன். சட்டைப்பையில் இருந்தது.

பத்தே முக்காலுக்கு வீடு திரும்பினேன். கதவைத் தட்டுவதற்குள் அக்கா திறந்தாள். நரைத்த முடி இடுப்பு வரை விரிந்து கிடந்தது.

"நீ இருக்குன்னு சொன்னியே, அந்தத் தைரியத்துல அவுத்துட்டேன்," என்று சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போனேன். ஆணியைத் திரும்ப அடிக்க எங்கள் அடுக்குமாடியைச் சுற்றி ஒரு மரம்கூடக் கிடையாது.