கண் தெரியேல்லையோ

காருக்குள் தைலம் மணந்தது. மகன் முழங்காலுக்குப் பூசிக்கொண்டிருந்தான். ‘கேய்லிக்’ என்ற ஐரிஷ்காரரின் கால்பந்தில் இன்றைக்குச் சிவப்பு அட்டை வாங்கிவிட்டான். தடை விழும், லண்டன் கவுண்டி அணித் தெரிவுக்கு இனிப் போக ஏலாது.

மன்னாரில் எங்கள் வீட்டிலும் இதே மணம்தான். மத்தியஸ்தரைப் பார்த்து, "கண் தெரியேல்லையோ?" என்று கத்தி அப்பாவும் தடை வாங்கினார். மாவட்ட அணி அவரில்லாமலே போனது. விளையாடாத காலுக்குப் பின்னேரம் முழுக்கத் தைலம் தேய்த்தபடி மத்தியஸ்தரை ஏசிக்கொண்டிருப்பார்.

"மத்தியஸ்தரிட்ட நீ என்னடா சொன்னனி?"

"கண் தெரியேல்லையோ எண்டு. நீங்கள் எனக்குச் சொல்லுறதுதானே, அம்மா. கண்ணைத் தொட்டுக் காட்டினன், அவருக்கு விளங்கிட்டுது."

அந்த இரண்டு சொல்லைத் தவிர மிச்சமெல்லாம் என்னிடம் ஆங்கிலத்தில்தான் சொன்னான். சனிக்கிழமை தவறாமல் தமிழ்ப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதற்கு, பிழையில்லாமல் வந்தது இதுதான்.