கடைசிப் பெட்டியில் ஓர் இடம்

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆனி மாதத்துச் சாயங்காலம். திருநெல்வேலியில் தேரோட்டத்தை ஒட்டிப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தோம். நான், என் கணவர், அவருடைய தங்கை, அவளுடைய மூன்று பிள்ளைகள், என்னுடைய இரண்டு, ஆக மொத்தம் எட்டுப் பேர். இதில் பொருட்காட்சி பார்க்கப் போனவர்கள் ஏழு பேர். நான் பை பார்த்துக்கொள்ளப் போனேன்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த பத்து வருஷத்தில் எங்கே போனாலும் எனக்கு அந்த வேலைதான். திருச்செந்தூர் கடலில் என் கால் நனைந்த நேரத்தைவிட, மற்றவர்கள் அவிழ்த்துப் போட்ட துணி என் மடியில் கிடந்த நேரம் அதிகம். யாரும் என்னை அதட்டி உட்கார வைத்ததில்லை. "மைனி இருக்காங்கல்லா" என்று நாத்தனாரிடமிருந்து ஒரு வார்த்தை வரும். பைகள் என் பக்கத்தில் வந்து சேர்ந்துவிடும். நானும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. சும்மா உட்காரக் கிடைக்கிறதே என்றுதான் இருக்கும். அன்றைக்கும் காலையில் நாலு மணிக்குக் குழாய்த் தண்ணீர் பிடித்து, எட்டுப் பேருக்குப் புளியோதரை கிளறிக் கட்டி, பாதித் தூரம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது.

அந்த அசதி அன்றைக்கு மட்டும் வந்தது கிடையாது. நாலு மாதமாகவே அப்படித்தான் இருந்தேன். மாசி மாதம் என் அம்மா இறந்துபோனாள்.

என் பிறந்த வீடு சீவலப்பேரி. அம்மா காலையில் எட்டு மணிக்குப் போய்விட்டாள். என் தம்பி பஸ் நிறுத்தத்துக் கடையிலிருந்து என் கணவர் வேலை பார்த்த மில்லுக்குப் போன் போட்டிருக்கிறான். பத்து மணிக்கெல்லாம் அவருக்குச் செய்தி வந்துவிட்டது. ஆனால் அவர் ஷிஃப்ட் முடித்துவிட்டு மூன்றரை மணிக்குத்தான் வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். யாரும் அவரைப் பிடித்து வைக்கவில்லை. கேட்டிருந்தால் உடனே அனுப்பியிருப்பார்கள். அவர் கேட்கவில்லை. எப்படியும் மறுநாள்தான் எடுப்பார்கள், நடுவில் மிஷினை விட்டுவிட்டு வருவானேன் என்று நினைத்துவிட்டார். ஒன்றுக்கு இரண்டு பஸ் மாறி நாங்கள் போய் இறங்கியபோது பொழுது அடைந்துவிட்டது. அம்மாவை எடுத்தாகிவிட்டது. வீடு கழுவி, பெண்கள் குளித்து, ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. "குளிச்சி முடிச்ச வீட்டுல மறுபடியும் அழுகைய ஆரம்பிக்காத தாயி" என்று ஒரு பெரியம்மா தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள்தான் தீட்டு. நாலாம் நாள் மாமியார் வீட்டு அடுப்பில் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பதினாறாம் நாளுக்குப் போனபோது, என் காதுபடவே ஒருத்தி சொன்னாள், "பெத்தவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டாளா பாரு." அவள் சொன்னது உண்மைதான். எனக்கு அழுகை வரவில்லை. 'அம்மா' என்கிற வார்த்தையே வாயில் வரவில்லை. நான் கல்நெஞ்சக்காரிதான் போலிருக்கிறது என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன். என் கணவரிடம் சண்டையும் போடவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

பொருட்காட்சிக்கு வருவோம். ராட்சத ராட்டினத்துக்கு நீளமான வரிசை. செருப்போடு ஏறக் கூடாது என்று அங்கே ஒருவர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அதனால் ஏழு ஜோடிச் செருப்பும், சாப்பாட்டுத் தூக்கும், இரண்டு பையும் என்னிடம் வந்தன. பக்கத்திலேயே அந்த வருஷம் புதிதாக இன்னொன்று வந்திருந்தது. வளைந்து வளைந்து மேடும் பள்ளமுமாக இரும்புத் தண்டவாளம், அதன் மேல் முன்பக்கம் பாம்பு முகம் வைத்த ஆறு பெட்டி ரயில். அதன் பெயர் ரோலர் கோஸ்டர் என்று பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு எல்லாரும் ரயில் ராட்டினம் என்றுதான் சொன்னார்கள். ராட்சத ராட்டினத்து வரிசை இந்த ரயிலின் கம்பி வேலியை ஒட்டித்தான் போனது. வேலிக்கு இந்தப் பக்கம் மணலில் நான் உட்கார்ந்தேன்.

அங்கே எனக்கு முன்பே ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் துப்பட்டி போட்டு, சுற்றிலும் நாலைந்து பைகள். மேலப்பாளையம் என்று சொன்னார். என் செருப்புக் குவியலைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"நம்மள மாதிரி ஆளுவளுக்குன்னே இந்த மணலக் கொட்டி வச்சிருக்காங்க போல தங்கச்சி."

நானும் ஒப்புக்குச் சிரித்தேன். இது அவருக்கு மூன்றாவது தடவையாம். முதல் தடவை வந்தபோது மகள் பிடிவாதமாக அந்த ரயிலில் ஏற்றிவிட்டாளாம். அதிலிருந்து ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு யாரையாவது கூட்டி வருகிறாராம். "இதுல அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டேன். "வாய்விட்டுக் கத்தலாம்லா. வீட்டுல கத்துனா என்னமோ ஏதோன்னு தெருவே ஓடி வந்துரும்" என்றார்.

அப்போது வண்டியை ஓட்டுகிறவர் வேலிக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக் கை காட்டினார். கடைசிப் பெட்டியில் ஒரு கல்லூரிப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பெட்டியில் ஒற்றை ஆளை மட்டும் வைத்து வண்டியை எடுக்க மாட்டார்களாம். "ஒரு ஆளு கொறையுது தாயி. யாராவது வந்து உக்காருங்க, வண்டி கெளம்பட்டும்" என்றார். நான் அந்த அக்காவைப் பார்த்தேன். அவர் என் தூக்கையும் பைகளையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நீ போ. நான் இங்கனதான இருக்கேன்."

முன்பின் தெரியாத ஒருவரிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நான் எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. மாட்டேன் என்று சொல்லி நாலு வார்த்தை பேசுவதற்குக்கூட அன்றைக்குத் தெம்பில்லை. அதுதான் உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். இடுப்பில் சேலையைச் சொருகிக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரும்புக் கம்பி ஒன்றை மடிக்குக் குறுக்கே இறக்கினார்கள். என் மடியில் பையோ பிள்ளையோ இல்லாமல் நான் உட்கார்ந்து எத்தனை காலம் ஆகியிருந்தது!

ரயில் கடகடவென்று மேலே ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்ற மாதிரி இருந்தது. டவுன் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. முன்பெட்டிகள் இறங்கிவிட்டன, எங்கள் பெட்டியை வெடுக்கென்று இழுத்தன.

"அம்மா!"

கத்தியது நான்தான். பக்கத்தில் இருந்த பெண்ணும் அதையேதான் கத்தினாள். முன்னால் இருந்த ஆண்களும் அதையேதான் கத்தினார்கள். பயந்தால் நம் எல்லாருக்கும் வருகிற வார்த்தை அது ஒன்றுதானே. ஆனால் என் வாயிலிருந்து அது வந்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. ரயில் அடுத்த மேட்டில் ஏறியது, இறங்கியது, மறுபடியும் "அம்மா". வளைவில் சாய்ந்தது, "எம்மா, எம்மா". சின்ன வயதில் சீவலப்பேரி வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவேன். மூன்று சுற்றும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கண்ணீர் காற்றில் காதுப்பக்கமாக ஓடியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருமே கத்திக்கொண்டிருந்தார்கள்.

மணலில் வந்து விழுந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதேன். அந்த அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தவர், "இன்னொரு தடவ போறியா?" என்று மட்டும் கேட்டார்.

போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சீட்டு வாங்க ஓடினேன். கேட்டு அதே கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை வண்டி ஏறும்போதே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டாவது தடவை இறங்கி வந்தபோது, நான் உட்கார்ந்திருந்த இடத்தில் என் கணவர் நின்றுகொண்டிருந்தார். வெறுங்காலோடு. வரிசையில் தங்கையையும் பிள்ளைகளையும் நிறுத்திவிட்டு அவர் மட்டும் வந்திருந்தார். எனக்குப் பகீரென்றது. யாரோ ஒருவரிடம் பையைக் கொடுத்துவிட்டு ராட்டினம் சுற்றுகிறாயா என்று பிடித்துக்கொள்ளப்போகிறார், பதில் சொல்ல வேண்டுமே என்று நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது. அழுது வீங்கிய முகத்தை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு மணலில் உட்கார்ந்தார். செருப்புகளை ஒன்றாகச் சேர்த்து வைத்து, தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி, இன்னும் போணும்னா போ. நான் இங்கன இருக்கேன்."

"வரிசையில உங்க இடம் போயிரும்" என்றேன்.

"போனாப் போவுது."

மூன்றாவது தடவை உச்சியிலிருந்து பார்த்தபோது, ஏழு ஜோடிச் செருப்புக்கு நடுவில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது தெரிந்தது. மேலப்பாளையத்து அக்கா அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை, ரயிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த அக்காவின் வீட்டார் வந்து அவரை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் இறங்கி வந்தபோது அக்கா இல்லை. ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பது இன்றைக்கும் உறுத்துகிறது.

பிள்ளைகள் திரும்பி வந்தபோது நாத்தனார் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேலி செய்தாள். "மைனி, பயந்து அழுதுட்டீங்களாக்கும்?" ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அது சௌகரியமாக இருந்தது. பிறகு ஆளுக்கொரு பெரிய அப்பளம் வாங்கி, மிளகாய்ப் பொடி தூவித் தின்றுகொண்டே பஸ்ஸுக்கு நடந்தோம்.

பஸ்ஸில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அவர் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சேரன்மாதேவி தாண்டியது. பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பையச் சொன்னார்.

"வேலி ஓரமாத்தான் நின்னேன். எல்லாரும் அம்மான்னுதான் கத்துதாங்க. ஒஞ்சத்தம் மட்டும் தனியாக் கேட்டுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "அன்னைக்கு மிஷின அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்கணும்."

"ஆமா" என்றேன்.

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை நாலு மணிக்கு வழக்கம்போல் குழாயடிக்குப் போனேன். அந்த அசதி அப்படியேதான் இருந்தது. ஆனால் குடம் நிறைகிறவரை நின்று அழ முடிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு அந்த ரயில் பைத்தியம் பிடித்துவிட்டது. அடுத்தடுத்த வருஷப் பொருட்காட்சிகளை ஒன்றுகூட விடவில்லை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு சென்னைப் பக்கம், கேரளா பக்கம் என்று பெரிய பூங்காக்களுக்கு அழைத்துப் போனார்கள். தலைகீழாகச் சுற்றுகிற வண்டியில்கூட ஏறிவிட்டேன். "எங்க அம்மாவுக்கு ரோலர் கோஸ்டர்னா உயிரு" என்று என் மகள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்வாள். எப்படி இந்த ஆசை வந்தது என்று கேட்பவர்களிடம், சும்மா ஒரு நாள் ஏறினேன், பிடித்துவிட்டது என்று சொல்லிவைப்பேன். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் வாசலிலேயே என் கைப்பையையும் செருப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார் என் கணவர். வாருங்கள் என்று பிள்ளைகள் இழுத்தாலும் வர மாட்டார். அவர் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

போன வருஷம் ஒரு பூங்காவில் என் வயதைக் கேட்டுவிட்டு, ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாதாடவில்லை. திரும்பி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பையை என்னிடம் தராமல் தானே மடியில் வைத்துக்கொண்டார். மேலே ரயில் உச்சிக்குப் போய் நின்று கீழே பாய்ந்தது, இருபது முப்பது பேர் ஒரே குரலில் "அம்மா" என்று கத்தினார்கள். எல்லாரும் பயத்தில்தான் கத்தியிருப்பார்கள். ஆனால் கடைசிப் பெட்டியில் யாராவது ஒருத்தி தன் அம்மாவைத்தான் கூப்பிடுகிறாளோ என்று, அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் காது தானாகக் கூர்மையாகிவிடுகிறது.