ஜெப ஓலை என்று நான் எழுதிய சீட்டு

வெள்ளைக் கையுறை ஒரு ஜோடிதான் வந்தது. தகராறு அங்கேயே தொடங்கிவிட்டது.

அந்த வருடம் வெளியூரிலிருந்த ஒரு பெரிய கிறிஸ்தவ அமைப்பு, பழங்காலத் திருமறைச் சுவடிகளின் நடமாடும் கண்காட்சி என்று ஒன்றைச் சபை சபையாக அனுப்பிக்கொண்டிருந்தது. தோல் சுருள்கள், நாணல் தாள்கள், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு கையெழுத்துப் புத்தகம். எல்லாம் நகல். நல்ல அச்சகத்தில் அடித்து, ஓரத்தை வேண்டுமென்றே கிழித்து, டீத்தண்ணீர் நிறத்தில் கறையேற்றிய நகல். அந்த உண்மையை ஒவ்வொரு விளக்கச் சீட்டின் கடைசி வரியிலும் எறும்பு படிக்கிற அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள். பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

நகலைத் தொடக் கையுறை எதற்கு என்று கேட்டேன். திருப்பத்தூரில் எங்கள் சபையின் செயலாளர் ஓய்வுபெற்ற ரயில்வே அதிகாரி. "பாக்கறவங்களுக்கு ஒரு பயபக்தி வரணும் இல்லீங்களா" என்றார். பயபக்தி முதலில் அவருக்கே வந்துவிட்டது. டீ குடிக்கும்போதுகூட இடது கையுறையைக் கழற்றவில்லை. போதகருக்கு மனத்தாங்கல். கடைசியில் ஆளுக்கொரு கை என்று பிரித்துக்கொண்டார்கள். திறப்பு விழாப் படத்தில் பார்த்தால் ஒருவருக்கு வலது கை மட்டும் வெள்ளை, இன்னொருவருக்கு இடது கை மட்டும் வெள்ளை. நடுவில் பேராயர், இரண்டு கையும் வெறுங்கையாக.

கண்காட்சியை மலைமேல் நடத்துவது என்று முடிவெடுத்ததே செயலாளர்தான். மற்ற சபைகளெல்லாம் டவுனில் நடத்துகின்றன, நாம் ஜவ்வாது மலையில் நடத்தினால் அமைப்பின் அறிக்கையில் தனியாகத் தெரிவோம் என்பது கணக்கு. குளிர்சாதன வேன் அடிவாரத்தோடு நின்றுவிட்டது. டிரைவர் முதல் வளைவைப் பார்த்தார், சாவியைச் செயலாளர் கையில் கொடுத்தார், போய்ப் படுத்துவிட்டார். ஈரம் படக் கூடாது என்று எழுதி ஒட்டிய பெட்டிகள் எல்லாம் ஜீப்பில், பலாப்பழங்களோடும் சாரலோடும் மலைமேல் இருக்கிற புதூர்நாட்டுக்கு ஏறின. ஏதோ ஒரு நூற்றாண்டைச் சேர்ந்த தோல் சுருள்மேல் ஒரு கோழி உட்கார்ந்து வந்தது.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் தமிழ் டீச்சர். தினமும் பஸ்ஸோ ஜீப்போ பிடித்து மலையேறி இறங்குகிறவள். டீச்சரம்மாவுக்கு மலையும் தெரியும், தமிழும் தெரியும் என்று கண்காட்சி வேலை முழுவதையும் என் தலையில் கட்டினார்கள்.

பெட்டிகளில் ஒன்று காலி. வேண்டுமென்றே அனுப்பிய காலிப் பெட்டி. போகிற ஊரில் உள்ள பழைய ஆன்மிகச் சுவடி ஒன்றைத் தேடி அதில் வைக்க வேண்டும், வைத்தால் அறிக்கையில் அந்தச் சபைக்கு ஒரு முழுப் பக்கம். செயலாளருக்குத் தூக்கம் போய்விட்டது. "டீச்சர், மலையில யார்கிட்டயாவது ஓலை கீலை இருக்கான்னு பாருங்க" என்றார். என் வகுப்பில் படித்த பெண் ஒருத்தியின் அப்பாவிடம் ஓலை இருப்பது எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

அவர் சாமை விதைக்கிற விவசாயி. கொஞ்சம் புளியமரமும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாது. அவர்கள் வீட்டு ஓலைக்கட்டு பரண்மேல் விதைச் சாமைப் பானைக்குள் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை, அறுப்பு முடிந்ததும், அதை எடுத்து மஞ்சள் பூசி, சாம்பிராணி காட்டி, தலையில் வைத்துக்கொண்டு, கொல்லை என்று அவர்கள் சொல்லும் சாமை நிலத்தின் நான்கு எல்லையையும் சுற்றி வருவார்கள். ஒவ்வொரு மூலையிலும் கொஞ்சம் சாமை தூவுவார்கள். சுற்றி முடிந்ததும் ஒரு சேவல். ஓலையை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. அது என்ன சொல்கிறது என்பது கால்களுக்குத் தெரியும், போதும்.

நான் கேட்டதும் அவர் தயங்கினார். "கொல்லைக்குப் பட்டா கேட்டு மனு போட்டுக்கிறோம் டீச்சர். அது காட்டு நெலம்ன்றாங்க. விசாரணைக்குக் கூப்புட்டா காட்டறதுக்கு எங்ககிட்ட இந்த ஓல ஒண்ணுதான் கெடக்குது. வேற இன்னா இருக்குது?"

"ஒரு வாரம்தான் ண்ணா. நானே எடுத்துனு வந்து குடுக்கறேன்."

"நீங்க சொன்னா சரி டீச்சர்" என்று பானைக்குள் கையை விட்டார்.

அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து ஓலையைப் படித்தேன். புள்ளி வைக்காத பழைய எழுத்து. தட்டுத் தடுமாறித்தான் படித்தேன், ஆனால் படித்தேன். மேற்கே ஓடை, வடக்கே சரிந்த பாறை, கிழக்கே இரட்டைப் பலா, தெற்கே ஒற்றையடித் தடம், இதற்கு உட்பட்டு இன்னார் காடு வெட்டித் திருத்திய கொல்லை, அவர் பிள்ளைகள் அனுபவித்து வர வேண்டியது. அவ்வளவுதான். சாமி பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. படித்ததை அவருக்குச் சொன்னேன். தெரிந்த விஷயத்துக்குத் தலையாட்டுவது போலத் தலையாட்டினார்.

செயலாளரிடம் ஓலையைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன், இது நில ஓலை, ஆன்மிகம் கிடையாது என்று.

"மஞ்சள் இருக்குது, சாம்பிராணி வாசனை வருது, சேவல் அறுக்கறாங்கன்றீங்க. நெலப் பத்திரத்துக்கு யாராவது சேவல் அறுப்பாங்களா டீச்சர்?"

"அவங்க அறுக்கறாங்க."

போதகர் சமரசத்துக்கு வந்தார். "வேதத்துலகூடத்தான் நெலம், பாற, ஓடை எல்லாம் வருது. அது ஜெபம் இல்லையா?" இப்படி ஒரு கேள்வியை வேதக் கல்லூரியில் படித்த மனிதர் கேட்டார். பேராயர் மறுநாள் வருகிறார், பெட்டி காலியாக இருக்கக் கூடாது. விஷயம் இவ்வளவுதான்.

ஜெப ஓலை என்று சீட்டு எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். அறிக்கையில் ஓலையைக் கண்டுபிடித்து வாசித்தவர் என்று என் பெயரைப் போடுவதாகச் செயலாளர் சொன்னார். அந்த ஒரு வரிக்கு விழுந்தேன். இத்தனை வருடம் மலைக்கும் வீட்டுக்கும் ஏறி இறங்கினவள், ஒரு வழவழத் தாளில் பெயர் வரட்டுமே என்று நினைத்துவிட்டேன். தூ என்று துப்பத் தோன்றுகிறது இப்போது. நல்ல அட்டையில், நல்ல மையில், நிறுத்தி நிதானமாக எழுதினேன்: மலைவாழ் மக்களின் பழங்கால ஜெப ஓலை.

ஆக, கண்காட்சி முழுவதிலும் அசல் என்று இருந்தது அந்த ஓலை ஒன்று. பொய்ச் சீட்டு ஒட்டியிருந்ததும் அதற்கு மட்டும்தான்.

மலைச் சனங்கள் வந்தார்கள். தோல் சுருளைப் பார்த்தார்கள், நாணல் தாளைப் பார்த்தார்கள், மரியாதைக்கு ஒரு நிமிடம் நின்றார்கள், நேராக ஓலைப் பெட்டிக்கு வந்து செருப்பைக் கழற்றினார்கள். சாயங்காலத்துக்குள் கண்ணாடிக்கு முன்னால் சாமை குவிந்துவிட்டது. போதகர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விக்கிரக ஆராதனை என்று கண்டித்தால் கூட்டம் கலைந்துவிடும், கூட்டம் கலைந்தால் படம் எடுக்க முடியாது. கடைசியில் சாமை தெரியாத கோணத்திலிருந்து படம் எடுக்கச் சொன்னார். அந்தப் படம் பேப்பரில் வந்தது. கூட்டம், கண்ணாடி, உள்ளே ஓலை, என் சீட்டு. என் கையெழுத்து அச்சில் அவ்வளவு தெளிவாக விழும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சொன்னபடி ஒரு வாரத்தில் ஓலையை அந்த விவசாயியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அந்த வருடமும் எல்லை சுற்றினார். எனக்கு ஒரு படி சாமை கொடுத்தனுப்பினார், நானும் வெட்கமில்லாமல் பொங்கித் தின்றேன்.

இரண்டு மாதம் கழித்து மத்தியான இடைவேளையில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓலையைக் காட்டியிருக்கிறார். அங்கிருந்த அதிகாரி கோப்பிலிருந்து பேப்பர் படத்தை எடுத்து, இது ஜெபம் என்று அச்சிலேயே வந்திருக்கிறதே என்று கேட்டிருக்கிறார்.

"ஜெபம்னு எழுதி வெச்சிருந்தாங்களாமே டீச்சர். யாரு எழுதுனதுன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். யாரு டீச்சர் எழுதுனாங்க?"

அவருக்கு நிஜமாகவே தெரியாது. பெட்டிக்கு முன்னால் அன்றைக்கு அவரும்தான் நின்றார், சீட்டில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரியாது.

"நான்தான் ண்ணா."

"நீங்க படிச்சிங்களே டீச்சர்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அடுத்த விசாரணைக்குப் பதினைந்து நாள் இருந்தது. சீட்டில் எழுதியது தவறு, அது நில ஓலைதான் என்று சபையிடம் ஒரு கடிதம் கேட்டேன். அதற்குச் செயற்குழு கூடியது. ஆரம்ப ஜெபம், முறுக்கு, டீ. கண்காட்சி இன்னும் எத்தனையோ ஊருக்குப் போக வேண்டியிருக்கிறது, நாமே ஒரு சீட்டைப் பொய் என்று எழுதிக் கொடுத்தால் மற்றச் சீட்டுகளையும் யாராவது கிளறுவார்கள் என்று செயலாளர் பயந்தார். ஏழை ஒருவரின் நிலம் போகிறதே என்று நான் கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். போதகர் என்னைச் சாந்தமாக இருக்கச் சொல்லி இன்னொரு ஜெபம் செய்தார். இரண்டு மணி நேரம் கழித்து முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்தார்கள்: மேற்படி ஓலையில் ஜெபமும் இருக்கலாம், நிலம் தொடர்பான செய்திகளும் இருக்கலாம். இதை எழுத ஒன்பது பேர்.

விசாரணை அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நானும் போனேன். அதிகாரி கடிதத்தை வாசித்தார்.

"இருக்கலாம், இருக்கலாம்னு ரெண்டு தடவ போட்டிருக்காங்க. இன்னாதான்மா இருக்குது?"

எழுந்து நின்றேன். "நில ஓலைங்க. சீட்ட எழுதினது நான். பொய்னு தெரிஞ்சேதான் எழுதினேன்."

அறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி ஓலையைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஓடை, பாறை, இரட்டைப் பலா என்று கடைசி எழுத்துவரை படித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு நிறுத்திப் படித்ததில்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் என்றும் சொல்ல முடியாது.

"நல்லாப் படிக்கிறீங்கம்மா. ஆனா சர்ச்சுல கேட்டா ஜெபம்னு எழுதறீங்க. இவர் வந்து நின்னா நெலம்னு படிக்கிறீங்க. இந்த எழுத்தப் படிக்கத் தெரிஞ்ச ஆள் இங்க நீங்க ஒருத்தர்தான். நான் எத நம்பறது?"

இருபது வருடம் அடுத்தவர் பிள்ளைகளிடம் பதில் கேட்டவள், ஓலையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். ஆவணத்தின் தன்மை ஐயத்துக்கு உரியது, மனு தள்ளுபடி என்று குறித்துக்கொண்டார்கள். மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னார்கள்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுவரை நடந்தோம். அவர் ஓலையைத் துண்டில் சுற்றி மார்போடு பிடித்துக்கொண்டு வந்தார். பேசாமல் நடக்க என்னால் முடியவில்லை.

"என்ன மன்னிச்சிடுங்க ண்ணா. இத இப்பிடியே விடக் கூடாது. மேல மனு போடலாம். எல்லாத்தையும் சொல்லி நானே எழுதித் தர்றேன்."

அவர் நின்றார். என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"வேணாம் டீச்சர். நீங்க எழுத வேணாம். வெயிலா இருக்குது, வூட்டுக்குப் போங்க."