தேதி போடாத லேபிள்

ப்லோவ்திவ் நகரத்தில், பழைய புகையிலைக் கிடங்கு ஒன்றின் தரைத்தளத்தில் இருக்கும் 'ஈயம்' என்ற ஹேக்கர்ஸ்பேஸுக்குத் தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, இன்ன நேரத்துக்குத் திறக்கும் என்ற உத்தரவாதமும் கிடையாது. நாற்பது பேர் சேர்ந்து நடத்தும் அந்தப் பொதுப் பட்டறையில் ஒரே ஒரு வழக்கம்தான் உண்டு: எவர் ஒரு வேலையை எடுத்துச் செய்கிறாரோ, அந்த வேலையில் அவர் வைத்ததுதான் சட்டம். குளிர்பெட்டியைத் துடைத்தவர் குளிர்பெட்டிக்கு ராஜா. த்ரீடி பிரிண்டரின் அடைப்பை எடுத்தவர் அடுத்த அடைப்பு வரும்வரை அதற்குச் சக்கரவர்த்தி. இந்த முறையில் ஸப்ரியானுக்கு வந்து சேர்ந்த சாம்ராஜ்யம், லேபிள்.

ஸப்ரியானுக்கு ஐம்பத்து மூன்று வயது. லிஃப்ட் மெக்கானிக். திராக்கியா குடியிருப்பில் எட்டாவது மாடியில் தனியாக இருந்தார். கட்டடத்தின் லிஃப்ட் நின்றால் எட்டு மாடிக்காரர்களும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள் என்பதால், தனிமை என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் முடியாது. மனைவி பல வருடங்களுக்கு முன் ஒரு பல் மருத்துவரோடு கடலோர ஊரான வர்னாவுக்குப் போய்விட்டார். அதிலிருந்து ஸப்ரியான் இரண்டு விஷயங்களை வாழ்க்கையில் தள்ளிவைத்தார்: ஒன்று கடற்கரை, இன்னொன்று பல் வைத்தியம்.

ஐந்து வருடங்களுக்கு முன், வாஷிங் மெஷினின் போர்டைக் கையில் பிடித்துக்கொண்டு 'ஈயத்'துக்குள் நுழைந்தவர், அது சரியான பிறகும் வெளியேறவில்லை. மறுவாரம் வந்து தரையைக் கூட்டினார். அதற்கடுத்த வாரம் பெரிய பானையில் பீன்ஸ் சூப் வைத்தார். மூன்றாம் வாரம், சொந்தமாக ஒரு லேபிள் அடிக்கும் மெஷினோடு வந்தார். சரித்திரம் அங்கேதான் திரும்பியது.

அவருடைய சட்டத்தில் மூன்று வரிகள். யாருடையது, என்ன பொருள், எதுவரை. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் பொருள் மேஜையில் பதினான்கு நாள்தான் இருக்கலாம். பதினைந்தாம் நாள் வாசலோரச் சிவப்புக் கூடைக்குப் போய்விடும். கூடைக்குள் போனதை யார் வேண்டுமானாலும் பிரித்து மேயலாம். இதில் பெரியவர் சிறியவர் கிடையாது. ப்ரோகிராம் எழுதிப் பிழைக்கும் ஸ்தோய்மென், தன் அம்மாவின் காபி மெஷினைப் பழுதுபார்த்து, லேபிள் ஒட்டாமல் மறந்து போனான். அவன் திரும்பி வருவதற்குள் அதன் பாதி உடம்பு யாரோ ஒருவருடைய தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்களுக்குத் தெரியும்ல, அது எங்கம்மாவோடதுன்னு!" என்று அவன் கத்தினான்.

"தெரியும்."

"அப்புறம் ஏன் தூக்கிக் கூடையில போட்டீங்க?"

"சட்டம்னா சட்டம் தம்பி. லிஃப்ட்ல நாலு பேருன்னு எழுதியிருந்தா நாலே பேர்தான். அஞ்சாவது ஆள் நல்லவர்னு லிஃப்ட்டுக்கு எப்படித் தெரியும்?"

இவ்வளவு அதிகாரம் படைத்த மனிதருக்கு ஓர் ஊமைக் காயம் இருந்தது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அந்த மாதம் என்ன செய்தேன் என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒருவர் பறக்காத ட்ரோனைக் காட்டுவார். இன்னொருவர், பூனை உள்ளே வந்தால் மணியடிக்கும், பூனை இல்லாவிட்டாலும் மணியடிக்கும் கதவைக் காட்டுவார். எல்லாவற்றுக்கும் கைதட்டு உண்டு. முறை ஸப்ரியானிடம் வரும்போது அவர் "நான் சூப் வச்சேன்" என்பார். அதற்கும் கைதட்டினார்கள், சூப் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கைதட்டு வேறு ஜாதி என்று அவருக்குத் தெரியும். ஐந்து வருடத்தில் அறுபது பானை சூப். சொல்லிக்கொள்ள ஒரு திருகாணி இல்லை.

ஜன்னலோர மேஜை நெதியால்காவுடையது. பொம்மை நாடக அரங்கில் உடை தைக்கிற அம்மாள். நாற்பத்தொன்பது வயது. பொம்மை ராணிகளின் பாவாடைக்குள் விளக்கு வைத்துத் தைப்பதற்காக 'ஈயத்'துக்கு வர ஆரம்பித்தவர். அவருடைய பொருள்களில் மட்டும் லேபிள் எப்போதும் நேராக ஒட்டப்பட்டு, தேதியோடு இருக்கும். ஸப்ரியானின் மனதை இது எந்த அளவுக்கு அசைத்தது என்பதை, லேபிளோடு வாழாத ஒருவருக்கு விளக்குவது கஷ்டம்.

ஜனவரியில் நெதியால்காவுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. பிப்ரவரியில் ஊன்றுகோலோடு வந்து, மறுபடி தையல் மெஷின் முன் உட்கார்ந்தார். மார்ச் முதல் தேதி, ஊர் வழக்கப்படி, எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய மார்தெனிட்சா கயிறு கட்டினார். பொம்மை ராணியின் சரிகையிலிருந்து ஓர் இழையை ஸப்ரியானின் கயிற்றில் மட்டும் சேர்த்து முறுக்கியிருந்தார். தற்செயலாக இருக்கும் என்று ஸப்ரியான் தீர்மானித்தார். தீர்மானித்துவிட்டு, தூங்கும்போதும் அந்தக் கையைப் போர்வைக்கு வெளியே வைத்துக்கொண்டார்.

அதே வாரம்தான் அவர் அதைக் கவனித்தார். தைக்கத் தொடங்குமுன் நெதியால்காவின் முகம் வலியில் சுருங்குகிறது. ஒரு தரம் இல்லை, இரண்டு தரம் இல்லை. ஒரு மாலையில் பதினோரு தரம். முழங்கால்! மின்சாரத் தையல் மெஷினுக்குக் காலால் அழுத்தும் பெடல்தானே உயிர்? மேஜைக்கு அடியில் குனிந்து பார்ப்பது கண்ணியமான ஆண் செய்கிற காரியமல்ல. ஆகவே ஸப்ரியான் குனியவில்லை. நேராக வீட்டுக்குப் போய், சமையலறை மேஜையைக் காலி செய்தார்.

ஆறு வாரம் அந்தச் சமையலறையில் சமையல் நடக்கவில்லை. ரொட்டியும் லூதெனிட்சா என்கிற குடைமிளகாய்த் துவையலும் தின்று ஒரு மனிதர் உயிர் வாழலாம் என்பது நிரூபணமானது. கழித்துப் போட்ட லிஃப்ட் கதவின் ஸ்பிரிங், ஒரு ரேடியோவின் வால்யூம் கன்ட்ரோல், வாதுமைப் பலகை, மூன்று முறை கருகி நான்காம் முறை உயிர்பெற்ற ஒரு சின்ன சர்க்யூட். எல்லாம் சேர்ந்து, முழங்கையால் அழுத்தினால் தையல் மெஷினை ஓட்டும் பெட்டி ஆனது. லேசாக அழுத்தினால் மெதுவாக ஓடும், சாய்ந்தால் பறக்கும். முழங்கை நோகாமல் இருக்க, தன் கட்டம்போட்ட கம்பளிச் சட்டையின் பையை வெட்டி மேலே ஒட்டினார். கடைசியில், உள்ளே வயர்களைச் சேர்த்துக் கட்ட எதுவும் கிடைக்கவில்லை. வெளியே பிளம் மரங்கள் பூத்துவிட்டன. பூத்த மரத்தைப் பார்த்தவர் மார்தெனிட்சாவைக் கழற்றிக் கிளையில் கட்டிவிட வேண்டும். ஸப்ரியான் கழற்றினார். ஆனால் கிளைக்குப் போகவில்லை. வயர்களைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டு, மூடியைத் திருகிவிட்டார். கட்டுக்கயிறு கையில் இல்லாததுதான் காரணம் என்று தனக்குத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டார். பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

ஏப்ரல் மத்தியில் ஒரு திங்கட்கிழமை, பட்டறையில் ஆள் இல்லாத மதிய நேரம், பெட்டியை ஜன்னலோர மேஜையில் வைத்தார். லேபிள் மெஷினைக் கையில் எடுத்தார். அங்கேதான் சட்டம் அதை இயற்றியவரின் தொண்டையைப் பிடித்தது. யாருடையது? தன் பெயரை அடித்தால், சாயங்காலத்துக்குள் ஸ்தோய்மென் அதைப் படம் பிடித்து நாற்பது பேருக்கும் அனுப்பிவிடுவான். நெதியால்காவின் பெயரை அடித்தால், அதை அடித்த லேபிள் மெஷின் யாருடையது என்பது ஊருக்கே தெரியும். என்ன பொருள்? அதற்கு ஒரு பெயர் வைக்க ஆறு வாரமும் போதவில்லை. எதுவரை?

மெஷினைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். நாளைக்கு நெதியால்கா வருவார், பார்ப்பார், எடுத்துக்கொள்வார். லேபிள் எதற்கு?

நெதியால்கா வரவில்லை. நாடகக் குழு ரூசேவிலும் விதினிலும் காட்சி போடப் போயிருந்தது. அது பட்டறையில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆறு வாரம் சமையலறையில் இருந்தவருக்கு மட்டும் தெரியாது.

பெட்டி மேஜையில் இருந்தது. ஸப்ரியான் தினமும் வந்து, அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து, அதைப் பார்க்காமல் இருந்தார். பதினைந்தாம் நாள் மாலை ஸ்தோய்மென் ஒரு கையில் பனிட்சா பலகாரத்தோடு மேஜைப் பக்கம் வந்தான்.

"அண்ணே, இது யாரோடது?"

"எது?"

"இந்தப் பெட்டி. லேபிள் இல்ல. போன போன திங்கக்கிழமைலேருந்து கிடக்கு, நான் எண்ணிக்கிட்டுதான் இருக்கேன். என்ன இது, கம்பளி எல்லாம் ஒட்டியிருக்கு? பூனைக்குத் தலகாணியா?"

"தெரியல."

"அப்ப கூடைக்குத்தானே போகணும்? எங்கம்மா காபி மெஷின் போன மாதிரி?"

பட்டறையே திரும்பிப் பார்த்தது. ஸப்ரியான் எழுந்தார். இது என்னுடையது என்று இரண்டே சொல். ஆனால் அதற்கு அடுத்த கேள்வி, யாருக்காகச் செய்தது என்பதாக இருக்கும். அவர் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கினார், ஒன்பது அடி நடந்தார், சிவப்புக் கூடையில் வைத்தார். போடவில்லை, வைத்தார்.

"சட்டம்னா சட்டம்," என்றார்.

மறுநாள் வேலையில்லாத சனிக்கிழமையாக இருந்திருந்தால், யாரும் வருவதற்கு முன் எடுத்திருக்கலாம். ஆனால் மறுநாள் செவ்வாய். மூன்று லிஃப்டுகள் நின்றுபோன நாள். புதனன்று காலையில் ஓடி வந்து பார்த்தார். கூடையில் ஒரு கீபோர்டும் செருப்பு ஒன்றும் இருந்தன. ஸப்ரியான் அன்றைக்குப் பட்டறையை இரண்டு தடவை கூட்டினார்.

மே மாத முதல் செவ்வாய்க்கிழமை எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நெதியால்கா ஊன்றுகோல் இல்லாமல் வந்திருந்தார். முறை வந்ததும், கப்கேக் சுடும் தட்டு ஒன்றை மடியில் எடுத்து வைத்தார். ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு பாகம்: ஸ்பிரிங், திருகாணிகள், வால்யூம் கன்ட்ரோல், மடித்து வைத்த கட்டம்போட்ட கம்பளித் துண்டு. ஸப்ரியானுக்கு, அடுப்பிலிருந்த சூப்பின் முட்டைக்கோசு வாசனை திடீரென்று அதிகமாகத் தெரிந்தது.

"நான் இந்த மாசம் எதையும் செய்யல," என்றார் நெதியால்கா. "பிரிச்சேன். ஊர்லேருந்து வந்த அன்னிக்குக் கூடையில கிடந்துச்சு. ஸ்பிரிங் நல்லாருக்கேன்னு எடுத்தேன். பிரிச்சதும்தான் புரிஞ்சுது, இது என் மெஷினுக்குன்னு செஞ்சது. முழங்கையால ஓட்டறதுக்கு."

"அடடே! எதுக்கு முழங்கை?" என்றான் ஸ்தோய்மென்.

"என் வலது கால் நோகுதுன்னு யாரோ நினைச்சிருக்காங்க."

"பெடலை இடது பக்கம் நகத்தி வச்சா போச்சு. இதுக்குப் போய் ஸ்பிரிங்கா?"

"பிப்ரவரியிலயே நகத்தி வச்சுட்டேன்டா, தம்பி. வந்த முதல் நாளே. ஒரு உதை விட்டேன், நகர்ந்துச்சு."

பட்டறை சிரித்தது. பூனைக்கதவுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸப்ரியானும் சிரித்தார், சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

"அப்ப தைக்கும்போது ஏன் மூஞ்சியைச் சுளிக்கிறீங்க?" என்று கேட்டது யார் என்று எல்லோரும் தேடினார்கள். கேட்டது ஸப்ரியான். வாயை மூடிக்கொள்ள நேரம் கடந்துவிட்டது.

நெதியால்கா அவரைப் பார்த்தார். "ஊசிக் காது தெரியல. கண்ணாடியை வீட்லயே மறந்துட்டு வர்றேன்." பிறகு, மெதுவாக, "எத்தனை தடவை சுளிச்சேன்னு எண்ணுனீங்களோ?"

ஸப்ரியான், அந்த ஊர் வழக்கப்படி, ஆமென்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். முறை அடுத்தவருக்குப் போனது. ஸப்ரியானிடம் வந்தபோது, "சூப் வச்சேன்," என்றார் அவர். கைதட்டினார்கள்.

எல்லோரும் சூப்புக்குத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றபோது, ஸப்ரியான் நின்ற பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நெதியால்கா வந்தார். தன் மணிக்கட்டை நீட்டினார். அதில் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கயிறு. நடுவில் ஒரு சரிகை இழை மின்னியது.

"வயரைச் சுத்தி இருந்துச்சு. இதைப் பூத்த மரத்துல கட்டணும். வயர்லயா கட்டுவாங்க?"

"கட்டறதுக்கு வேற ஒண்ணும் இல்ல," என்றார் ஸப்ரியான். "அதான்..."

"நாலு டப்பா கட்டுக்கயிறு உங்க அலமாரியில இருக்கு. ஒவ்வொண்ணுலயும் லேபிள் வேற ஒட்டியிருக்கு."

ஸப்ரியான் கையிலிருந்த அகப்பையைக் கழுவினார். ஏற்கெனவே கழுவிய அகப்பைதான்.

"பிரிச்சுட்டேன். எனக்குத் திரும்பச் சேர்க்கத் தெரியாது," என்றார் நெதியால்கா. "வியாழக்கிழமை வந்து உக்காருங்க. கால் நல்லாருந்தா என்ன, முழங்கையும் சும்மாத்தானே கிடக்கு. கண்ணாடியை எடுத்துட்டு வந்துடறேன். அதுக்கும் ஒரு மெஷின் செஞ்சு வச்சுடாதீங்க."

அன்று பட்டறையைப் பூட்டும் முறை ஸப்ரியானுடையது. விளக்குகளை அணைத்துக்கொண்டே ஜன்னலோர மேஜைக்கு வந்தார். கப்கேக் தட்டு அங்கே இருந்தது. அதன் விளிம்பில் ஒரு லேபிள், நேராக, கையெழுத்தில். யாருடையது: ஸப்ரியான், நெதியால்கா. என்ன பொருள்: முழங்கை. மூன்றாவது வரி காலியாக இருந்தது.

இது செல்லாத லேபிள். தேதி இல்லாத லேபிள் லேபிளே இல்லை என்பது அவரே எழுதி அவரே சுவரில் ஒட்டிய சட்டம். இதே காரணத்துக்காக ஒரு டெலஸ்கோப்பையும் ஒரு சைக்கிளையும் அவர் கூடைக்கு அனுப்பியிருக்கிறார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடிப் பைக்குள் செருகிக்கொண்டு, கடைசி விளக்கை அணைத்தார்.

ஜூன் பிறந்து மூன்று வாரம் ஆனபோது ஸ்தோய்மென் அந்த மேஜையருகே நின்று கூவினான். பெட்டி இப்போது முழுசாக இருந்தது; நெதியால்கா வலது முழங்கையால் ஒரு பொம்மை மந்திரியின் கால்சட்டையை ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! இந்த லேபிள்ல தேதியே இல்ல! சட்டம் என்னாச்சு?"

ஸப்ரியான் நிமிரவில்லை. நூல் அப்போதுதான் ஊசிக் காதுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

"அதை நான் பார்த்துக்கறேன், நீ சூப்பைக் கிளறு," என்றார்.