வரிசையில் நின்ற பொன்னுத்தாய்

டாக்டர் அழகேசனைப் பொறுத்தவரை நர்ஸ் என்பவர் மணி அடித்ததும் வந்து நிற்பவர். எழுதித் தருவதைச் செய்வார், முடித்ததும் அடுத்த மணிக்குக் காத்திருப்பார். அரியலூர்ப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி ஒன்றில் பல வருடமாக அப்படித்தான் ஓடியது. 2006இல் சிக்குன்குனியா வந்தபோது, மணியை அடிக்க டாக்டருக்கே கை எழவில்லை.

ஊரே முடங்கிக் கிடந்தது. முந்திரிக்காட்டில் நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மாத்திரை கொடுத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஊசி போட்டால்தான் வைத்தியம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை; அதை மாற்ற எந்தப் படிப்பும் போதாது. டாக்டருக்கும் காய்ச்சல் வந்து போயிருந்தது. மணிக்கட்டு வீங்கி, பேனா பிடிப்பதே பெரும்பாடு. லீவு போடலாமென்றால் மாற்றுக்கு ஆள் இல்லை.

ஸ்டாஃப் நர்ஸ் ஜெயசுதாதான் யாரும் சொல்லாமலே வாசலில் போய் நின்றாள். நடுங்குகிறவர்களைக் கட்டிலுக்கு அனுப்பினாள், கர்ப்பிணிகளை நேராக உள்ளே கூட்டி வந்தாள், மற்றவர்களை நிழலில் உட்கார வைத்தாள். டாக்டருக்குச் சுருக்கென்றது.

"இங்க டாக்டரு யாரு சிஸ்டர்?" என்று கேட்டே விட்டார்.

"நீங்கதான் சார். முடியாதவங்கள முன்னாடி அனுப்புறேன், மத்தவங்கள அப்பறம் பாருங்க."

அவள் குரலில் குத்தல் இல்லை. அதுவே அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அன்றுதான் மதியச் சோறு மதியத்திலேயே கிடைத்தது. மறுநாள் மணியை எடுத்து டிராயருக்குள் போட்டுவிட்டார்.

பிறகு எல்லாமே அவள் தலையில் விழுந்தது. நடுவில் ஒருநாள் வந்து நின்றாள். "ஏலாக்குறிச்சியில அம்மா காய்ச்சலோட ஒத்தையா கெடக்குறாங்க சார். ரெண்டு நாள் லீவு குடுத்தீங்கன்னா..."

"இந்தக் கூட்டத்த வச்சிக்கிட்டா? அடுத்த வாரம் பாப்போம் சிஸ்டர்."

அடுத்த வாரமும் கூட்டம் குறையவில்லை. அவள் மறுபடி கேட்கவில்லை. அவருக்கும் மறந்து போனது. மறப்பது வசதியாக இருந்தால் சீக்கிரம் மறந்துவிடும்.

ஒரு காலையில், கால் விரல்கள் வீங்கிய ஒரு வயதான அம்மாள் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். பெயர் பொன்னுத்தாய், ஊர் ஏலாக்குறிச்சி என்றாள்.

"நம்ம ஜெயசுதா சிஸ்டருக்கும் அந்த ஊருதான்."

"எம் மவதாங்க. அவளால வூட்டுக்கு வர முடியலியாம். அதான் நானே பஸ் ஏறி வந்துட்டேன்."

"அவங்க அம்மாவா? நேரா உள்ள வரவேண்டியதுதானே?"

"அவதாங்க நிக்கச் சொன்னா. எனக்கு முன்னாடி வந்தவங்க நெறைய இருக்காங்களாம்."

டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. தன் மீதே கோபமும் வந்தது. எழுந்து வாசலுக்குப் போனார்.

"சிஸ்டர், அம்மாவக் கூட்டிக்கிட்டு ஊருக்குக் கெளம்புங்க."

"வரிசைய யாரு சார் பாக்குறது?"

"நான் பாக்குறேன். போயிட்டு வாங்க."

அவள் நம்பாமல் நின்றுவிட்டுத்தான் போனாள். அவள் இடத்தில் டாக்டர் நின்றார். வந்தவர்கள் எல்லாம் "சிஸ்டர் வரலீங்களா?" என்றே கேட்டார்கள், டாக்டரே வாசலில் நிற்கிறாரே என்று ஒருவர்கூடச் சந்தோஷப்படவில்லை. கொஞ்ச நேரத்திலேயே முழங்கால் கடுக்க, கதவைப் பிடித்துக்கொண்டார்.

இத்தனை நாள் இங்கே நின்றவளுக்கும் இந்தக் காய்ச்சல் வந்து போனதா? அவர் ஒருநாளும் கேட்டதில்லை.